என் முடியை நேர்ந்துகொண்ட கமலா

மார்ச் 4

செவ்வாய்க்கிழமை, முருகன் கோயில் மலையில் நல்ல கூட்டம். மொட்டை போட்டு இறங்குகிறவர்களுக்குத் தொப்பி விற்கும் எனக்கு இன்று மூச்சுவிட நேரம் இருந்திருக்கக் கூடாது. நானோ செல்போனில் பேக்கேமன் ஆடிக்கொண்டிருந்தேன். கமலாவின் தம்பி சுதாகர் சென்னையிலிருந்து வந்தபோது ஏற்றிக் கொடுத்த விளையாட்டு. எதிராளி கம்ப்யூட்டர். பகடையை உருட்டி, பதினைந்து காய்களையும் சுற்றிக் கொண்டுவந்து வெளியே எடுக்க வேண்டும். தனியாக நிற்கும் காயை எதிராளி வெட்டலாம். தாயம் ஆடிய கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று உட்கார்ந்தேன். தோற்றேன்.

மார்ச் 8

மறுபடியும் தோல்வி. இது நியாயமான ஆட்டமே இல்லை. எனக்கு ஒன்றும் இரண்டுமாக விழுகிறது. அதற்கு வேண்டும்போதெல்லாம் ஜோடி ஆறு. உருட்டுகிறதும் அதுவே, ஆடுகிறதும் அதுவே, கேட்பார் யார்? சுதாகருக்கு போன் போட்டுப் புகார் சொன்னேன். மெஷினுக்கு ஏமாற்றத் தெரியாது பாவா, உங்களுக்குத்தான் ஆடத் தெரியவில்லை என்றான். அக்கா புருஷனிடம் பேசுகிற பேச்சா இது?

மார்ச் 12

தோல்வி. மொட்டைத் தலையோடு ஒரு குடும்பமே கடை முன்னால் வந்து நின்றதாம். நான் பார்க்கவில்லை. பக்கத்துத் தொப்பிக் கடை ராஜவேலு பார்த்துவிட்டான்.

மார்ச் 18

கமலா மலைக்குப் போய்விட்டு வந்தாள். என் நெற்றியில் விபூதி பூசிக்கொண்டே சொன்னாள்.

"முருகன்கிட்ட வேண்டிக்கினு வந்துட்டேன். நீங்க அந்த ஆட்டத்துல ஒரு தபா ஜெயிச்சிட்டா, உங்க முடிய குடுக்கறேன்னு."

"என் முடியையா?"

"ஆங். ஜெயிச்சாதான் அந்த போனை கீழ வெப்பீங்க."

வேண்டுதல் அவளுடையது, முடி என்னுடையது! உன் முடியைக் கொடுக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். என்னுடையது எலிவால், சாமிக்கு நல்லதாகத்தானே தர வேண்டும் என்றாள்.

அது என்னவோ உண்மை. ஐம்பத்தாறு வயதில் இவ்வளவு அடர்த்தி எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது. கறுப்பு மட்டும் கடையில் வாங்கியது. காது குத்தியபோது அடித்த மொட்டையோடு சரி. ஊரார் மொட்டையில் பிழைத்தாலும் என் தலையில் கத்தி பட விட்டதில்லை. முருகா, தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

மார்ச் 19

ஆட்டத்தை விட்டுவிட்டால் முடி பிழைக்கும். ஆனால் மெஷினுக்குப் பயந்து ஓடினதாக ஆகிவிடுமே. ஆகையால் ஆடுவேன், ஜெயிக்க மாட்டேன். இதுவரை செய்ததுதானே.

மார்ச் 23

ஜெயித்துவிட்டேன். ஐயோ.

தோற்பதற்காகவே காய்களைத் தனித்தனியாக விட்டுவைத்தேன். சனியன், வெட்டவே இல்லை. கடைசியில் எனக்கு நான்கு காய் பாக்கி, அதற்கு ஒன்றே ஒன்று. உருட்டினேன். ஜோடி ஆறு. ஜோடி விழுந்தால் நான்கையும் எடுத்துவிடலாம். ஆட்டத்தை விட்டுக்கொடுக்கிற பொத்தானும் அங்கேயே இருக்கிறது. விரல் அதன்மேல் போய் நின்றது. ஆனால் இத்தனை நாள் என்னைக் கேவலப்படுத்தின மெஷின், அதற்கா விட்டுக்கொடுப்பது? நான்கையும் எடுத்தேன். சந்தோஷத்தில் கத்தப் போனவன், தலையைத் தொட்டுப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 26

யாரிடமும் சொல்ல முடியாத ஜெயம் ஒரு ஜெயமா? ராஜவேலுவிடம் பேசும்போது வாய்வரை வந்துவிட்டது. அவனிடம் சொன்னால் கமலாவிடம் சொன்ன மாதிரி. டீ மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 30

உகாதி. சுதாகர் வந்திருந்தான். இலையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தான், இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறீர்களா என்று. போளியை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன். அவன் விடவில்லை.

"அக்கா, அது சின்னப் பசங்க லெவல். அதுலயே பாவாவால ஒரு ஆட்டம் ஜெயிக்க முடியல."

சின்னப் பசங்க லெவலா?

"யார்றா சொன்னது? போன ஞாயித்துக்கிழமையே ஜெயிச்சிட்டேன்டா."

கமலா கரண்டியைக் கீழே வைத்தாள். மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பினாள்.

ஏப்ரல் 1

முடிந்தது. கமலா தலையில் சந்தனம் பூசிவிட்டாள். அழுகை வந்தது. சந்தனம் கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன்.

ஏப்ரல் 6

கடையிலிருந்தே ஒரு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பிடரியில் சந்தனம் தெரிகிறது. மலையிலிருந்து இறங்குகிற மொட்டைகள் எல்லாம் ராஜவேலு கடையைத் தாண்டி நேராக என்னிடம் வருகின்றன. நீங்கள் போட்டிருப்பது மாதிரியே கொடுங்கள் என்கிறார்கள். சாயங்காலத்துக்குள் அந்த ரகம் தீர்ந்துபோயிற்று. ராஜவேலு முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஏப்ரல் 22

முடி முள்முள்ளாக வந்துவிட்டது. நரைதான், இருந்தாலும் தடவத் தடவ மனசு குளிர்கிறது. வியாபாரம்தான் பழையபடி படுத்துவிட்டது. தொப்பிக்குக் கீழே முடியைப் பார்த்ததும் ஜனங்கள் ராஜவேலுவிடம் போய்விடுகிறார்கள்.

மதியம் கமலா கடைக்கு வந்தாள். தொப்பியைக் கழற்றி என் தலையைத் தடவிப் பார்த்தாள். முகம் வாடிப்போயிற்று. அங்கேயே நின்று சுதாகருக்கு போன் போட்டு, அடுத்த லெவலை எப்படி வைப்பது என்று விவரமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு என் போனை எடுத்து என் கையிலேயே திணித்தாள்.

"முருகன்கிட்ட மறுபடியும் வேண்டிக்கினு வந்துட்டேன். கடைய நான் பாத்துக்கறேன், நீங்க ஆடுங்க."