எனக்கு நானே எழுதிய சிபாரிசு

பிப்ரவரி 3, திங்கள்

நாற்பத்தோராவது மெயிலுக்கும் அதே பதில். "ஆர்வத்துக்கு நன்றி, தற்போது நிதி இல்லை." மீதிப் பேர் அதைக்கூடப் போடவில்லை. உதவித்தொகை இல்லாமல் பிஎச்.டி. சேர நான் என்ன கப்பல் முதலாளி மகளா? பட்டினப்பாக்கத்தில் ஃபைபர் படகு ஓட்டும் லாசர் மகள்.

பிப்ரவரி 5

நெதர்லாந்தில் ஓர் இடம்! கடல்நீரைக் குடிநீராக்கும் ஆய்வு. என் எம்.டெக். வேலையே அதுதான். முழுச் சம்பளம். கடைசித் தேதி 14. எம்.டெக். கைடின் சிபாரிசுக் கடிதம் வேண்டும்.

பிப்ரவரி 11

கைடு நல்லசிவம் சாரைப் பார்க்க மூன்றாவது தடவையாக அடையாறு. இன்றுதான் தலை நிமிர்ந்தார். "நீயே டைப் பண்ணி அனுப்பும்மா. கையெழுத்து போட்டு அவங்க சைட்ல ஏத்திடறேன்."

எல்லா கைடும் இப்படித்தானாம். என்னோடு படித்த ஜஹீதா சொல்கிறாள்.

பிப்ரவரி 12

"ஏஞ்சல் மிகத் திறமையான மாணவி." இதை அடிப்பதற்குள் கூசிப்போகிறது. எரிச்சலில், சாரே உண்மையைச் சொல்வதுபோல வேறொன்று அடித்தேன்:

"பதினோரு மாதத்தில் நான் ஆய்வகத்துக்கு வந்தது நான்கு முறை. பம்ப் உடைந்தபோது ஏஞ்சலே கழற்றிச் சரிசெய்தாள். சோதனைக்கான கடல்நீரை அவள் அப்பா படகில் கேன் கேனாகக் கொண்டுவந்தார். தான் செய்த ஆறு வாரச் சோதனை தப்பு என்று அவளே வந்து சொன்னாள். சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அவள் எழுதிய கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது."

மனசு ஆறியது. பிறகு நல்ல பிள்ளையாக வழக்கமான கடிதத்தையும் அடித்து வைத்தேன்.

பிப்ரவரி 13

ஐயோ மாதாவே. தப்பான ஃபைலை அனுப்பிட்டேன்.

பத்தே நிமிஷத்துல சார்கிட்டேருந்து பதில்: "கையெழுத்து போட்டு ஏத்தியாச்சு. ஆல் த பெஸ்ட்." அப்போ — படிக்கவே இல்லையா? ஒரு வரிகூடவா? இப்ப போன் பண்ணிச் சொன்னா என்னைத் தொலைச்சிடுவாரு. சொல்லலைன்னா இந்த இடம் போச்சு.

பிப்ரவரி 14

சொல்லவில்லை.

மார்ச் 4

நாற்பத்து மூன்றாவது. நிதி இல்லை.

வலையைப் பிரித்துக்கொண்டே அப்பா கேட்டார்: "இன்னா ஏஞ்சலு, வெள்ளக்காரன் இன்னா சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லலப்பா."

"கெடைக்கலைன்னா வுடு. இன்னும் தண்ணி வேணும்னா சொல்லு, எத்தினி கேன்னாலும் கொண்ணாறேன்."

அவர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்தார்?

மார்ச் 19

நெதர்லாந்திலிருந்து வீடியோவில் நேர்காணல். அந்தப் பேராசிரியை இருபது நிமிடம் பம்பைப் பற்றியே கேட்டார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பிறகு அந்த ஆறு வாரத் தப்பைப் பற்றிக் கேட்டார். அதையும் சொன்னேன்.

கடைசியில் கடிதத்தை எடுத்தார்.

"தன் குறையைத் தானே எழுதும் கைடை நான் பார்த்ததில்லை. இவ்வளவு நேர்மையானவர் உங்களைப் பற்றிச் சொல்வதை நம்பலாம்" என்றார்.

தலையை ஆட்டிவைத்தேன்.

ஏப்ரல் 2

கிடைத்துவிட்டது. நான்கு வருடம், சம்பளத்தோடு. அப்பா அழுதார்.

ஜஹீதாவையும் கூட்டிக்கொண்டு, சாருக்கு மைசூர்பாகு வாங்கிப் போனேன். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "பாத்தியா? எல்லாம் லெட்டர்லதான் இருக்கு. என் லெட்டர்னா சும்மாவா?" என்றார்.

"ஆமா சார்."

"அந்த ஃபைலை மறுபடி அனுப்பு. ஜஹீதாவும் அப்ளை பண்றாளாம். பேரை மட்டும் மாத்திக் கையெழுத்து போட்டுடறேன்."

ஜஹீதா என்னைப் பார்த்தாள். சரி சார் என்றேன்.

இரவு. எரிச்சலில் அடித்ததும் வழக்கமானதும், இரண்டு ஃபைலும் திறந்தபடியே இருக்கின்றன. இன்னும் அனுப்பவில்லை.