பேய்மேளாவில் விடுபட்டிருந்த ஒரு விதி

என் சாந்தியின் தம்பியாக வந்து எனக்கும் தம்பியாகிப்போன பாஸ்கரா,

நீ போன பிறகு முதல் முறையாக நம் பேய்மேளாவை நடத்தி முடித்திருக்கிறோம். இந்த ஆண்டு வேண்டாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்காமலே போய்விட்ட வீட்டில், பயத்தை விளையாட்டாக வைத்துக்கொள்ளும் மனம் யாருக்கு வரும்? ஆனால் உன் அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "அவன் ஆரம்பிச்சதை நாம நிறுத்தினா, அவன் ரெண்டாந்தரம் போன மாதிரி." 

உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நம்மோடு ஒருபோதும் விளையாடாதவர்களும் இந்தக் கடிதத்தைப் படிப்பார்கள். கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் உன் முதலாளி மூடிப் போட்டிருந்த மிளகுக் கிடங்கை, ஆண்டுக்கு இரண்டு நாள் கெஞ்சி வாங்கினாய். வருகிறவர்களில் யாரும் பார்வையாளர் கிடையாது. ஒருவர் காணாமல்போன கப்பலின் மாலுமி, ஒருவர் கிடங்கு வாங்க வந்த வியாபாரி, ஒருவர் பேய். எழுதிக் கொடுத்த வசனமும் இல்லை. கதைக்குள் நடந்து, பேசி, நடுங்கி, முடிவை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். எல்லாம் பகலில்தான். சன்னல்களை அடைத்துவிட்டால் அந்தக் கிடங்குக்கு வேறு இருட்டு தேவைப்படாது. மாலையில் அவரவர் படகையும் பஸ்ஸையும் பிடித்து வீடு சேர்ந்துவிடலாம்.

பயத்தை நீ யோசித்தாய், விதிகளை நான் எழுதினேன். வல்லார்பாடம் துறைமுகச் சரக்குகளுக்குக் காப்பீட்டு நிபந்தனை எழுதிப் பிழைப்பவன் வேறு எதை எழுதுவான்? முன்பே கேட்டு ஒப்புதல் பெறாமல் யாரும் யாரையும் தொடக்கூடாது. எந்தக் கதவையும் பூட்டக்கூடாது. பின்கட்டு அறையில் எப்போதும் விளக்கு எரிய வேண்டும். தாங்க முடியாதவர் அங்கே வந்து உட்காரலாம். அங்கே இருப்பவர் காரணம் கேட்கக்கூடாது. "வெறும் விளையாட்டுதானே" என்று ஒருபோதும் சொல்லக்கூடாது. நீ அதைப் படித்துவிட்டு, "பேய்க்கே நடத்தை விதி எழுதின ஒரே ஆள் நீங்கதான் அத்தான். செத்தப்புறமும் லீவு லெட்டர் கேப்பீங்க போல" என்றாய்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி, ஆட்டத்தை நிறுத்தும் ஒரு சொல். அதை யார் சொன்னாலும் விளக்குகள் எரியும், பேய் உட்பட எல்லோரும் நின்ற இடத்தில் நிற்பார்கள், ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். முதல் ஆண்டு அந்தச் சொல்லை நான் தேர்ந்தெடுத்தேன்: "மதி". மலையாளத்தில் போதும் என்று பொருள். கொச்சியில் யாருக்கும் விளக்க வேண்டாம். கோயம்புத்தூரிலிருந்து மதியழகன் என்று ஒருவர் நண்பர்களோடு வருவார் என்பதை எந்த நிபந்தனையில் நான் எதிர்பார்த்திருக்க முடியும்? இருட்டில் அவரைத் தொலைத்த நண்பர்கள், "மதி! டேய் மதி! எங்கடா இருக்கே?" என்று கத்தக் கத்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மதியச் சோறு வரைக்கும் ஒரு பேயால் தலைகாட்ட முடியவில்லை. முகம் நிறைய வெள்ளைப் பூச்சோடு நீ சாக்கின்மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாய். "அத்தான், மத்தின்னு வெச்சிருந்தா ரெண்டு மீனாவது கிடைச்சிருக்கும்."

அடுத்த சொல்லை நீ வைத்தாய். "பயத்துல அம்மாவைக் கூப்பிடுவாங்க, சாமியைக் கூப்பிடுவாங்க. சாயாவை எவன் கூப்பிடுவான்?" அன்றிலிருந்து சாயாதான் நிறுத்தும் சொல்; கிடங்குக்குள் அந்த இரண்டு நாளும் தேநீருக்குப் பெயர் இல்லை. "சூடா ஒரு கிளாஸ்" என்றுதான் கேட்க வேண்டும்.

இவ்வளவு எழுதிய எனக்கு ஒன்று தெரிந்திருக்கவில்லை, பாஸ்கரா. என் விதிகள் அத்தனையும் உயிரோடிருப்பவர்களைக் காப்பதற்காக எழுதப்பட்டவை. இறந்தவர்களுக்கென்று அதில் ஒரு வரிகூட இல்லை.

ஒலிவேலை பார்க்கும் நம் நிஷாத், மேளாவுக்குச் சில வாரம் முன்பு வீட்டுக்கு வந்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். "சேட்டா, பாஸ்கரேட்டனோட குரல் எங்கிட்ட இருக்கு. போன தடவை ஒத்திகையில எடுத்தது. இந்தத் தடவை கிடங்குல உள்ள பேய் அவர்தான்னு வெச்சா... அவருக்கு அது இஷ்டப்படுமல்லே?" அவன் கண் கலங்கியிருந்தது. உனக்கு மாலை போடுகிற எண்ணத்தில்தான் கேட்டான். நான் மனத்துக்குள் விதிகளை ஒவ்வொன்றாகத் தேடினேன். தடை எதுவும் இல்லை. தடை இல்லாத ஒன்றை எந்த நியாயத்தில் மறுப்பது?

சாந்தியிடம் கேட்கச் சொன்னேன். அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "வைக்கட்டும். அவன் குரலை இன்னொரு தடவை கேக்கலாமே" என்றாள். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? சிரித்திருப்பாய் என்று பாதி மனம் சொல்கிறது. மறுபாதி இன்னும் பதில் சொல்லவில்லை.

மேளாவின் முதல் நாள் நல்ல மழை. ஓட்டின்மேல் விழும் சத்தத்தில் பஜாரின் இரைச்சலே கேட்கவில்லை. புது முகங்கள் நிறைய, உன்னை அறியாதவர்கள். பேய் வேஷம் இல்லாதபோது நீ உட்காரும் விளக்கறையில் இந்த முறை சாந்தி உட்கார்ந்தாள், பிளாஸ்க்கும் கிளாசுகளுமாக. நான் அறை வாசலில், கையில் டார்ச்சோடு.

கதை பாதி கடந்தபோது உன் குரல் வந்தது. "நில்லுங்கோ... நானும் வரேன்."

எனக்கு உடல் சிலிர்த்தது, ஆனால் பயத்தில் இல்லை. எத்தனை முறை அந்தக் குரலைப் படகுத்துறையில் கேட்டிருப்போம்? படகு கிளம்பும் நேரத்தில் கடலை வாங்கப் போய்விட்டு, பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவருவாயே. இருட்டுக்குள் இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அலறிக்கொண்டு ஓடினார்கள். நீ கூப்பிடக் கூப்பிட ஓடினார்கள். சாக்குகள் சரிந்தன. ஒரு கல்லூரிப் பெண் தடுமாறி விளக்கறைக்குள் விழுந்து, சிரிப்பும் அழுகையுமாக உன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அய்யோ சேச்சி, அந்த சவுண்டு! அது யாரோ தெரியாது. ஆனா பக்கத்துல வந்தா நான் செத்துப்போவேன்!"

சாந்தி விதி மீறவில்லை. எதையும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தாள். கிளாஸ் பாதிதான் நிறைந்தது, மீதி தட்டில். பிறகு எழுந்து, என்னைத் தாண்டி, இருட்டின் விளிம்பு வரை போய் நின்று உரக்கச் சொன்னாள்.

"சாயா!"

பிளாஸ்க் வைத்திருப்பவள் சொன்னதால், குடிக்கக் கூப்பிடுகிறாளா நிறுத்தச் சொல்கிறாளா என்று ஒரு கணம் ஒருவருக்கும் விளங்கவில்லை. விதி என்பதால் விளக்குகள் எரிந்தன. எல்லோரும் நின்ற இடத்தில் நின்றார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நீ மட்டும் நிற்கவில்லை, பாஸ்கரா. வெள்ளை வெளிச்சத்தில், அசையாமல் நின்ற அத்தனை பேருக்கும் நடுவே, உன் குரல் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தது. "நில்லுங்கோ... நானும் வரேன்." வெளிச்சத்தில் அதில் பயமே இல்லை. தனியாக விட்டுவிட்டுப் போகிறவர்களிடம் ஒருவன் கெஞ்சுவதாக இருந்தது. நிஷாத் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினான்.

மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. நிஷாத் உன் அக்காவின் முன் வந்து நின்று, "சேச்சி, க்ஷமிக்கணும். இப்பவே அழிச்சிடறேன்" என்றான். "அழிக்காதேடா" என்றாள் சாந்தி. "என் போன்ல ஏத்திக் குடு. நான் அவனைப் பார்த்து ஓட மாட்டேன்." கல்லூரிப் பெண் அப்போதுதான் விஷயத்தைப் புரிந்துகொண்டு, தேம்பத் தொடங்கினாள். "உன் மேல என்ன தப்பு மோளே? நீ நல்லாத்தான் விளையாடினே" என்று அவள் முதுகைத் தடவியவளும் உன் அக்காதான். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. நான் டார்ச்சை அணைக்கக்கூட மறந்து நின்றேன்.

அன்று மிச்ச ஆட்டத்தையும் அடுத்த நாள் ஆட்டத்தையும் பேய் இல்லாமலே முடித்தோம். கோவித்துக்கொண்டவர் யாரும் இல்லை.

மேளா முடிந்த மறுநாள் நான் புது விதி எழுத உட்கார்ந்தேன். "பங்கேற்பாளர் எவரேனும் நேரில் அறிந்து, அண்மையில் மறைந்த எந்த நபரின் குரலோ, உருவமோ, உடைமையோ, அச்சமூட்டும் நோக்கத்தில்..." என்று வாசித்துக் காட்டினேன். சாந்தி கறிவேப்பிலை உருவிக்கொண்டே கேட்டாள். "இது என்ன, கப்பல் மூழ்கினதுக்கு நோட்டீஸா?" சிரிக்க முயன்றாள், முடியவில்லை. "இப்படி எழுதுங்கோ: நமக்கு வேண்டப்பட்டவங்களைப் பேயாக்கக்கூடாது."

அண்மை என்றால் எத்தனை காலம், வேண்டப்பட்டவர் என்றால் யார் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். வரையறை வேண்டாத விதியும் உண்டென்று இந்த ஐம்பது வயதில் ஒப்புக்கொண்டேன். அவள் சொன்ன சொற்களையே எழுதி, எல்லாவற்றுக்கும் முதல் விதியாக வைத்திருக்கிறேன்.

வெறும் விளையாட்டுதானே என்று யாராவது சொல்லக்கூடும். நாளைக்கு நீ யாரென்றே தெரியாதவர்கள் அந்தக் கிடங்கை நிறைக்கவும் கூடும். அப்போதும், நான் அங்கே நிற்கும் வரையில், இருட்டிலோ வெளிச்சத்திலோ உன் குரலைக் கேட்டு ஒருவரும் ஓட மாட்டார்கள். இது நான் உனக்குத் தரும் வாக்கு, பாஸ்கரா. இதற்கு விதிவிலக்கு எழுத மாட்டேன்.

மட்டாஞ்சேரியிலிருந்து,
அக்காவையும் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அத்தான்