படிவத்தில் உன் பெயர்

அன்பு மகள் லோகேஸ்வரிக்கு, ஜொகூரிலிருந்து அம்மா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? பேத்தி ஷாமினிக்குச் சளி விட்டதா?

உன் அண்ணன் முகுந்தன் நேற்று நான் சமைக்கும் கேன்டீனுக்கே வந்துவிட்டான். காலஞ்சென்ற உன் அப்பா பெயரில் இருக்கும், இப்போது நீ குடியிருக்கிற கோலா பிலா வீட்டை நம் பெயருக்கு மாற்ற, நில அலுவலகப் படிவம் கொண்டுவந்தான். வாரிசுகள் என்ற இடத்தில் என் பெயரும் அவன் பெயரும் மட்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவளானாலும் பெயரைப் படிக்கத் தெரியாதா எனக்கு?

“தங்கச்சி எங்கடா?”

“அவளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சேம்மா. சைன் போடுலா, பஸ்ஸு போயிடும்.”

“நகை போட்டா மக இல்லேன்னு ஆயிடுமா? எழுதுடா!”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஆனாலும் ரசம் ஊற்றி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். பிறகு அவன் கையாலேயே உன் பெயரை எழுதினான். அப்புறந்தான் நான் கையெழுத்துப் போட்டேன். அவனைக் கோபிக்காதே, நல்ல பிள்ளைதான்.

அவன் மறுபடி இங்கே வரும்போது ஷாமினி போர்த்துகிற போர்வையைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம், அவள் வாசனை அப்படியே இருக்கட்டும்.

நில அலுவலக விசாரணைக்கு உன்னையும் கூப்பிடுவார்கள். பிறப்புப் பத்திரத்தோடு போ. உன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிறாயா என்று அதிகாரி கேட்பார். பாசத்தில் தலையாட்டிவிடாதே. உனக்கும் பிள்ளைகளுக்கும் வேறு வீடு கிடையாது. இந்த வேலையை விட்டால் நானும் உன்னிடந்தான் வருவேன்.

உலை கொதிக்கிறது, போகிறேன்.

அம்மா