டிஸ்க் இல்லை என்ற கம்ப்யூட்டர்

நேற்று ஆயுத பூஜை. மகன் பைக்குக்கு வைக்கச் சந்தனம் குழைத்தான். அந்த வாசத்தில் இலஞ்சிப் பக்கத்து மில் ஆபீஸ் ஞாபகம் வந்தது. நீ போன பிறகு வருகிற முதல் பூஜை. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. வந்த வரைக்கும் எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் அந்த மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதை ஓட்ட வந்தவள் நீ. அந்த அறையைப் பெருக்கித் துடைக்கிறவள் நான். ஒரே வயது. மத்தியானச் சோற்றைச் சேர்ந்து தின்று சிநேகிதமானோம்.

ஒரு வருஷம் ஆயுத பூஜை முடிந்து ஆபீஸ் திறந்த காலையில் நீ சுவிட்சைப் போட்டாய். திரையில் எழுத்து ஓடி, பாதியில் நின்றது.

"டிஸ்க்கு இல்லங்குது" என்றாய்.

"உள்ளதானட்டி இருக்கு?"

"இருக்கு. அதுக்குத் தெரியலையே."

மேனேஜர் வந்து பார்த்தார். "பொம்பளப் பிள்ளை கையில குடுத்தா இப்படித்தான். சாயந்திரத்துக்குள்ள ஓடலைன்னா நாளைக்கு வராத" என்றார். வேலை போனால் ராயகிரியில் பார்த்திருந்த மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொல்லிவிட உன் அப்பா காத்திருந்தார். உனக்கு அதில் இஷ்டமில்லை.

நீ அழவில்லை. மூடியைக் கழற்றிக்கொண்டே எனக்குச் சொன்னாய். "சுவிட்சு போட்டதும் உள்ள ஒரு புரோகிராம் முழிச்சு, திரை இருக்கியா, டிஸ்க்கு இருக்கியான்னு ஒவ்வொன்னாக் கூப்பிடும். பதில் சொல்லாததை இல்லன்னு ஒதுக்கிரும்."

"பந்தியில ஆள் பாத்து இலை போடுத மாதிரியா?"

"ஆமாட்டி. தூங்குதவனுக்கு இலை கிடையாது."

சாரல் ஈரமாக இருக்குமோ என்றேன். குற்றாலத்தில் சீசன் முடிந்துவிட்டதே என்றாய். ஒயரை மாற்றினாய், சரியாகவில்லை. பிறகு உள்ளே செருகியிருந்த சர்க்யூட் அட்டைகளில் திரைக்கு உள்ளதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் உருவினாய். திரும்ப ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொரு தடவையும் சுவிட்சைப் போட்டுப் பார்த்தாய். பிரிண்டரின் அட்டையைக் கண்டுகொண்டது. டிஸ்க்கின் அட்டையைத்தான் கண்டுகொள்ளவில்லை. அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாய். அடி ஓரத்துத் தங்க நிறப் பற்களில் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது.

பூஜையன்று மூடியைத் திறந்து, அந்த அட்டையை உருவிப் பொட்டு வைத்துத் திரும்பச் செருகியவர் மேனேஜரேதான்.

கிளார்க்கிடம் ரப்பர் வாங்கி அந்தப் பற்களைத் தேய்த்து, ஊதி, செருகினாய். டிஸ்க் இருக்கிறது என்று எழுத்து வந்தது.

மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினாய். "அடுத்த வருசம் வெளிய மட்டும் பொட்டு வையுங்க அண்ணாச்சி."

"பளபளன்னு இருந்துதேன்னு வச்சேன். சாமிக்குச் செஞ்சது தப்பாட்டி?"

"சாமிக்குத் தப்பில்ல. டிஸ்க்கு வாயையில்லா அடைச்சிட்டிய!"

கிளார்க் சிரித்துவிட்டார். மேனேஜர், "சரி சரி, வேலையப் பாரு" என்று திரும்பினார். நீ உட்காரவில்லை.

"நாளைக்கு வரணுமா, வேண்டாமா? அதச் சொல்லிட்டுப் போங்க."

அவர் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு, "வா" என்றார். அதன் பிறகுதான் உட்கார்ந்தாய்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். ரேஷன் கடையிலோ தாலுகா ஆபீசிலோ யாராவது "சரி சரி, போ" என்றால் நான் நகர்வதில்லை. உன் கடைசி வாரத்தில் டாக்டரும் அப்படித்தான் சொன்னார். வழியை விடாமல் நின்றேன். பிழைப்பாளா, மாட்டாளா என்று கேட்டு, அவர் வாயால் பதில் வாங்கினேன். நீ என்னிடம் கேட்டபோது, அந்தப் பதிலை மாற்றாமல் உனக்குச் சொன்னேன்.