ஜெபத்தில் வைத்த தோள்

1987 அக்டோபர் 10, சனி

டன்மோர் 24, மில்பர்ன் 17. எங்கள் ஊர்க் கல்லூரி இந்த வருஷ ஃபுட்பாலில் இதுவரை ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. அணிக்காகப் பந்து எறிகிற ராண்டல் முப்பத்தொரு முறை எறிந்தான். நம் பையன்கள் கையில் சேர்ந்தது பத்தொன்பது. மொத்தம் 204 கெஜம் முன்னேற்றம். ரேடியோவில் 211 என்றார்கள். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன், தப்பு அவர்களுடையதுதான்.

என் வீட்டுக்காரர் ஹோய்ட் சிரிக்கிறார். “எட்டாங்கிளாசோட நின்னவ ரேடியோக்காரனுக்குக் கணக்கு வாத்தியாராயிட்டா.”

அக்டோபர் 11, ஞாயிறு

வெற்றி கேட்டு ஜெபிக்கக் கூடாது என்று பிரசங்கம். “ஆண்டவர் எந்தக் காலேஜ்லயும் சேரல” என்றார் போதகர் ஹல்சி. அவர் கட்டியிருந்த டை டன்மோரின் அரக்கு நிறம். நான் வெற்றி கேட்பதில்லை. இரண்டு பக்கத்திலும் யாருக்கும் அடிபடக் கூடாது என்று மட்டும் கேட்பேன். அதற்கு மேல் அவராகக் கொடுத்தால் வேண்டாம் என்பேனா?

அக்டோபர் 31, சனி

ஜெயித்தோம். எங்களைப் போலவே தோற்காமல் வரும் காட்வின் கல்லூரியும் ஜெயித்துவிட்டது.

நவம்பர் 14, சனி

டன்மோர் 20, லாரல்டன் 6. எங்கள் பிரிவின் எட்டுக் கல்லூரிகளில் இன்னும் தோற்காதவை இரண்டே. நாங்கள், காட்வின். வரும் சனிக்கிழமை இங்கே, எங்கள் மைதானத்தில். யார் ஜெயித்தாலும் கோப்பை அவர்களுக்கு. நாங்கள் கோப்பையைத் தொட்டுப் பத்தொன்பது வருஷமாகிறது.

நவம்பர் 15, ஞாயிறு

சபை விருந்து முடிந்து நானும் ராண்டலின் அம்மா நெல்டாவும் பாத்திரம் கழுவினோம். மற்றவர்கள் போன பிறகு குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சொன்னாள். “அக்கா, அவனுக்கு வலது தோளு பெசகியிருக்கு. நேத்து விழுந்ததுல. கோச்சுக்கும் டாக்டருக்கும் மட்டுந்தான் தெரியும். கடைசி வருஷம், ஊசி போட்டுக்கிட்டாவது ஆடுவேங்குறான். ஜெபத்துல வச்சுக்கங்க.”

“வச்சுக்கறேண்டி” என்றேன்.

நவம்பர் 16, திங்கள்

காலை எட்டுக்கு ரூபிக்கு ஃபோன் செய்தேன். ஜெபச் சங்கிலியில் முதல் ஆள் நான். நான் ரூபிக்கு, ரூபி ஓப்பலுக்கு, இப்படியே பன்னிரண்டு பெண்கள். குறிப்பைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்: ராண்டல், வலது தோள், சனிக்கிழமை ஆட்டம். ஒன்றை ஜெபத்தில் வைப்பது என்றால் எங்கள் சபையில் இதுதான். பத்தரைக்குள் சுற்றி வந்திருக்கும். மனசு லேசானது.

நவம்பர் 18, புதன்

மாவு பிசைந்துகொண்டிருந்தபோது ஃபோன். என் தங்கை ஜுவானெல். கல்யாணமாகிக் காட்வினுக்குப் போய் மூன்று வருஷமாகிறது.

“அக்கா, அந்தப் பையனுக்குத் தோளு எப்படி இருக்கு?”

“உனக்கு யாருடி சொன்னா?”

“எல்லாரையும் சுத்தி டெஸ்ஸிகிட்ட வந்துச்சு, டெஸ்ஸிதான் எனக்கு. உங்க சங்கிலில நாந்தானே கடைசி ஆளு.”

ஊரை விட்டுப் போனவளின் பெயரை எடுக்க மனசு வராமல் விட்டிருந்தேன். பட்டியல் எழுதுபவள் நான்.

“நீ அங்க யார்கிட்டயும் சொல்லலியே?”

“எங்க சபை சங்கிலில போட்டேன். நாங்க பதினாலு பேரு. உருகி ஜெபிச்சோம்க்கா. எங்க காலேஜ் டிஃபன்ஸ் கோச் பொண்டாட்டி கண்ணீர் விட்டு அழுதுட்டா.”

“அவ புருஷன்கிட்ட சொல்லியிருப்பாளா?”

“ஜெபக் குறிப்ப யாராவது புருஷன்கிட்ட மறைப்பாங்களா?”

மாவு கையோடு நின்றேன். பந்து எறிபவனை மோதி விழுத்தக் காட்வின் பையன்களைப் பழக்குவது அந்த டிஃபன்ஸ் கோச்தான். அவள் வேறு என்னவெல்லாமோ பேசினாள். கர்த்தாவே, நான் என்ன செய்துவிட்டேன்?

நவம்பர் 19, வியாழன்

ஹோய்ட்டிடம் சொன்னேன். “இப்ப என்ன, காட்வின் ஊருக்கே மறதி வரணும்னு ஜெபிக்கப் போறியா?” என்றார். என் முகத்தைப் பார்த்ததும் முள்கரண்டியைக் கீழே வைத்தார். “கோச்சுகிட்ட சொல்லிடு ஆர்லீன்.”

காட்வினுக்குத் தெரிந்துவிட்டது என்று கோச்சிடம் சொன்னால் ராண்டலை ஆடவிடாமல் உட்கார வைத்துவிடுவார். நான்கு வருஷமாக இந்த ஒரு நாளுக்காகக் காத்திருப்பவன். சொல்லாவிட்டால்? கல்லூரிக்கு ஃபோன் செய்தேன். எடுத்த பெண், “கோச் கிரவுண்ட்ல இருக்காரும்மா, என்ன சொல்லணும்?” என்றாள். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

பிறகு கோழிக்கறி சமைத்து நெல்டா வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவளிடமே சொல்லிவிடுவது என்றுதான் போனேன். கதவைத் திறந்ததும், “அக்கா, நேத்து கைய தலைக்கு மேல தூக்கிட்டான். உங்க ஜெபந்தான்” என்றாள். பாத்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

கோழை. வேறென்ன சொல்ல?

நவம்பர் 21, சனி

காட்வின் 16, டன்மோர் 13.

ராண்டல் மேல் அவர்கள் மோதியது பதினெட்டு முறை. அதில் பதினாறு வலது தோளில். பந்து கையை விட்டுப் போன பிறகும் மோதினார்கள். முந்தைய ஆட்டங்களுக்கு நான் எழுதிவைத்த குறிப்புகளைப் புரட்டினேன், எந்த ஆட்டத்திலும் வலமும் இடமும் ஏறக்குறையச் சமம்தான். என் கையெழுத்தே எனக்குச் சாட்சி சொல்கிறது.

பதினேழாவது வரைக்கும் எழுந்தான். ஒவ்வொரு தடவையும் இடது கையை ஊன்றி. “போதும், உட்காருடா” என்று நான் முனகியது பக்கத்தில் இருந்த ஹோய்ட்டுக்கே கேட்கவில்லை. பதினெட்டாவதில் எழவில்லை. காட்வின் பையன்கள் எல்லோரும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஒரு காலை மடக்கி மண்டியிட்டார்கள். அவர்களும் ஜெபித்தார்கள். எனக்குத்தான் ஒரு வார்த்தை வரவில்லை.

நவம்பர் 22, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. தலைவலி என்று ஹோய்ட் சொல்லியிருப்பார்.

நவம்பர் 27, வெள்ளி

நெல்டாவிடம் சொல்லிவிட்டேன். கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை கையிலிருந்த துண்டை உதறவில்லை.

“நான் உங்ககிட்டத்தானே சொன்னேன்.”

“ஆமா.”

“உங்க ஒருத்தர்கிட்ட.”

துண்டைக் கொடியில் போட்டு இரண்டு முனையையும் சரிபார்த்தாள்.

“காட்வின்லயும் ஜெபிச்சாங்களாமா?”

“ஜெபிச்சாங்களாம்.”

“அப்ப மொத்தம் எத்தன பேருக்கா எம்பிள்ளைக்காக?”

எனக்குத் தெரியும். இங்கே பன்னிரண்டு, அங்கே பதினான்கு, ஜுவானெல் இரண்டிலும் இருக்கிறாள், ஆக இருபத்தைந்து. வாயைத் திறக்கவில்லை. டிசம்பர் பத்தாம் தேதி பர்மிங்ஹாமில் அறுவை சிகிச்சை என்று மட்டும் சொன்னாள். “நீங்க வீட்டுக்குப் போங்கக்கா” என்றாள். திட்டியிருந்தால் நின்று கேட்டிருப்பேன்.

டிசம்பர் 9, புதன்

ஜெபக் கூட்டம். போதகர் குறிப்புகள் கேட்டார், வழக்கம்போல் நான் எழுதினேன். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் தேவை. ஓப்பலின் நாத்தனார், பித்தப்பைக் கல். டெஸ்ஸியின் மருமகன், வேலை. நெல்டா கையைத் தூக்கினாள்.

“சொல்லாத குறிப்பு.”

அவ்வளவுதான். அப்படியும் சிலர் கேட்பதுண்டு. விஷயத்தை வெளியே சொல்வதில்லை, கர்த்தருக்குத் தெரிந்தால் போதும். நெல்டா இதற்கு முன் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. அறுவை நாளைக்குத்தான், அது எல்லோருக்கும் தெரியும். அதற்குத்தானா? இல்லை வேறெதற்கோவா? அவள் என் பக்கம் திரும்பவில்லை. பெயரை எழுதி வலப்பக்கத்தை வெறுமையாக விட்டேன்.

டிசம்பர் 10, வியாழன்

எட்டு மணிக்கு ரூபிக்கு ஃபோன்.

“நெல்டாவுக்கு ஜெபம்” என்றேன்.

“ஆபரேஷனுக்காக்கா?”

“அவ சொல்லல.”

“உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியாது ரூபி. பேர மட்டும் ஓப்பலுக்குச் சொல்லு.”

மத்தியானம்வரை ஃபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 12, சனி

பத்திரிகையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆறாம் பக்கம், நான்கு வரி. டன்மோரின் ராண்டல் பிகெட்டுக்குத் தோளில் அறுவை முடிந்தது. நலமாக இருக்கிறான். இனிப் பந்து எறிவது முடியாது என்று மருத்துவர் கூறினார்.

நெல்டா எங்கள் தெருவில் மூன்றாவது வீடு.