சவுக்குமேட்டுச் சந்துக்கு ஒரு ஓட்டு

சித்தூர், பாலக்காடு,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்பு மகள் ஷஹானாவுக்கு அத்தா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளை ஷபீரும் பிள்ளைகளும் கனடாவில் சுகமாக இருக்க அல்லாஹ் அருள் செய்வானாக. நான் சித்தூரில் சுகம். உன் அம்மா சவுக்குமேட்டில், உன் ஃபிளாட்டில் சுகம். நாங்கள் இருவரும் ஒரே ஊரில் சுகமாக இல்லாததற்குக் காரணம் சண்டை என்று யாராவது உனக்கு போன் செய்து சொல்லியிருந்தால் அது பாதிதான் உண்மை. மீதியை எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ ஓகே அத்தா ஓகே அத்தா என்று சொல்லிக்கொண்டே பாத்திரம் கழுவுவாய், இது அப்படி முடிகிற விஷயம் இல்லை, உன்னிடமிருந்து ஒரு பதில் வேண்டியிருக்கிறது. எழுதி முடித்ததும் அஷ்ரஃப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவான்.

நம் கடையை அஷ்ரஃப் பெயருக்கு மாற்ற முனிசிபாலிட்டியில் என் கையெழுத்து வேண்டும் என்று கூப்பிட்டான், அதற்காகத்தான் வந்தேன். ஆபீசர் லீவில் இருக்கிறார். மழை வரும் வரும் என்கிறார்கள், வரவில்லை, அறுவடை இயந்திரக்காரன் வருவேன் வருவேன் என்கிறான், அவனும் வரவில்லை. உன் பெரியப்பா மகன் என்பதற்காகச் சொல்லவில்லை, அஷ்ரஃப் கடையை நன்றாக வைத்திருக்கிறான், ஆனால் அரிசி மூட்டையை வெயில் படும் பக்கம் அடுக்குகிறான், சொன்னால் கேட்டுக்கொள்கிறான், மறுநாளும் அங்கேயே அடுக்குகிறான். பக்கத்து வீட்டுப் பழனிச்சாமி சவுக்குமேட்டுக் கடல் மலம்புழை டேமை விடப் பெரியதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். யோசித்துவிட்டு, மழைக்காலத்திலுமா என்றார்.

நீ போன மாதம் கேட்டாய், படத்தைப் பார்த்தே ஃபிளாட் வாங்கிவிட்டோம், அந்த இடம் உண்மையில் எப்படி, அம்மாவுக்கு ஒத்துவருமா, ஒத்துவந்தால் சித்தூர் வீட்டை விற்றுவிட்டு அங்கேயே இருந்துவிடுங்கள் என்று. அதற்குப் பதில் சொல்ல அந்த ஊரின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் அசோசியேஷன் செயலாளர் ரகோத்தமன் சார், கப்பல் கம்பெனியில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், முதல் நாளே காபி கொடுத்து, இங்கே ஒன்றுமே இல்லை, வெறும் மணல், நாங்கள்தான் இதை ஊராக்கினோம் என்றார். ஒன்றுமே இல்லாத இடத்துக்குச் சவுக்குமேடு என்று பெயர் எப்படி வந்தது என்று கேட்க நினைத்தேன், காபி நன்றாக இருந்ததால் கேட்கவில்லை. பிறகு விசாரித்ததில் தெரிந்தது, மேட்டின் மேல் சவுக்குத் தோப்பு இருந்திருக்கிறது, தோப்புக்கு முன்னால் கடலை ஒட்டி மீனவர் குப்பம். தோப்பு சென்னையில் இருந்த ஒரு வக்கீல் குடும்பத்துடையது, விறகு வெட்ட ஆள் அனுப்புவார்களே தவிர அவர்கள் கடலைப் பார்க்க வந்ததில்லை. அப்புறம் சினிமாக்காரர்களும் தோல் வியாபாரிகளும் சனி ஞாயிறு தங்குவதற்கென்று தோப்பைத் துண்டு துண்டாக வாங்கி பங்களா கட்டினார்கள். கூரை ஓலையாகத்தான் இருக்க வேண்டும் என்று கேட்டுப் போட்டார்களாம். வேய்ந்து கொடுத்தது குப்பத்து ஆட்கள், அவர்களோ அப்போது எப்படியாவது ஓட்டு வீட்டுக்கு மாற வேண்டும் என்று இருந்தார்கள். பிறகு சாலை அகலமாகிச் சுங்கச்சாவடி வந்தது, கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. சுனாமி வந்த வருஷம் பங்களாக்காரர்கள் பயந்துபோய்க் கிடைத்த விலைக்கு விற்றார்கள், பயப்படாதவர்கள் வாங்கினார்கள். இன்றைக்குச் சவுக்குமேட்டில் பெரிய மனிதர் என்று யாரைக் காட்டினாலும் அந்த வருஷம் பயப்படாதவராக இருக்கிறார். குப்பத்தையும் அந்த அலைதான் கொண்டுபோனது. கடலோரம் ஆபத்து என்று சர்க்கார் அவர்களுக்குச் சாலைக்கு மேற்கே வரிசை வீடு கட்டிக் கொடுத்தது. ஆபத்து என்று அவர்களை எடுத்த அதே கடலோரத்தில்தான் உன் ஃபிளாட் இருக்கிறது. ஐந்தாம் மாடி என்பதால் பயமில்லை என்று வைத்துக்கொள்வோம்.

ஆக அவர்களுக்கு வீடு மேற்கே, படகு கிழக்கே, நடுவில் நம் காம்பவுண்டுகள். நம் மதிலுக்கும் அடுத்த மதிலுக்கும் இடையில் ஒரு சந்து இருக்கிறது, எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அதன் வழியாகத்தான் அவர்கள் கடலுக்குப் போகிறார்கள், மீனைச் சாலைக்குக் கொண்டுவருகிறார்கள். அதை விட்டால் வடக்கே அம்மன் கோயில் வரை போய்ச் சுற்றி வர வேண்டும்.

நம்மவர்களின் குணத்தைச் சொல்வதென்றால், யாரும் கெட்டவர்கள் இல்லை. எங்கேயாவது போவதற்காக நடக்க மாட்டார்கள், நடப்பதற்காக மட்டும் நடப்பார்கள். நாய்க்கு நடக்க ஆள் வைத்திருக்கிறார்கள். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு அதிக விலை கொடுத்திருக்கிறார்கள், உப்புக்காற்று ஃபிரிட்ஜை அரிக்கிறது என்று அதை மூடியே வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் லிஃப்டில் சந்தித்தால் பேச்சு துரு பற்றித்தான். முக்கால்வாசி வீடுகளில் எங்களைப் போல வயசான இரண்டு பேர், பிள்ளைகள் வெளிநாட்டில். கடையில் நின்று நாலு வார்த்தை பேசலாம் என்றால் கடையே இல்லை, எல்லாம் போனில் வந்துவிடுகிறது. வாழ்நாள் முழுக்கக் கடைக்குள் நின்ற எனக்கு அது கஷ்டமாக இருந்தது. வெள்ளிக்கிழமை பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலுக்கு ஆட்டோவில் போகும்போதுதான் மனிதர் முகம் பார்ப்பேன்.

உன் அம்மாவைப் பற்றித்தான் நீ கவலைப்பட்டாய். சித்தூரில் என் துணை இல்லாமல் கடைவீதிக்குப் போகாத ஐசும்மா, வந்த வாரமே தனியாகச் சந்து வழியே கடற்கரைக்குப் போக ஆரம்பித்தாள். கேட்டதற்கு இங்கே என்னை யாருக்கும் தெரியாது அல்லவா என்றாள். கன்னியம்மாள் என்று ஒரு மீன்காரப் பெண், உன் அம்மா வயசு இருக்கும், அவளிடம் சங்கரா வாங்கப் போய்ச் சிநேகமாகிவிட்டார்கள். ஒரு நாள் அந்த அம்மாள் மீனை நிறுத்துக்கொண்டே நம் பேட்மிண்டன் கோர்ட் பக்கம் கையைக் காட்டி, என் அடுப்பு அங்கேதான் இருந்தது என்றாளாம். குறையாகச் சொல்லவில்லை, அந்தப் பக்கம் காற்று அதிகம், அடுப்பு அணைந்துகொண்டே இருக்கும் என்று சொன்னாளாம். உன் அம்மா அதிலிருந்து கோர்ட்டில் விளையாடுகிற சத்தம் கேட்டால் ஜன்னல் பக்கம் போய் நிற்பாள்.

இப்படி இருக்கும்போது சந்துக்கு இரண்டு முனையிலும் இரும்புக் கதவு போட்டுப் பூட்ட வேண்டும் என்று அசோசியேஷனில் கூட்டம் போட்டார்கள். பாதுகாப்பு ஒரு காரணம், மீன் நாற்றம் இன்னொரு காரணம். வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். புது இடம், அண்டை வீட்டாரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம், கடை வைத்தவன் புத்தி அப்படித்தான் போகும், நான் கை தூக்கினேன். வேண்டாம் என்பவர்கள் தூக்கச் சொன்னபோது என் பக்கத்தில் ஒரு கை எழுந்தது. பார்த்தால் உன் அம்மா. ஒரு ஃபிளாட்டுக்கு ஒரு ஓட்டுதான் மேடம் என்று ரகோத்தமன் சார் மரியாதையாகச் சொன்னார். உன் அம்மா எழுந்து நின்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஒரு சபையில் பேசி நான் கேட்டதில்லை.

"சரிங்க. ஊட்டுக்காரி எம் மவ. அவளைக் கேட்டு எழுதிக்கங்க. இவரு கையை மட்டும் எழுதிக்காதீங்க."

உனக்கு போன் போட்டார்கள், அங்கே நடு ராத்திரி, நீ எடுக்கவில்லை. எண்ணிப் பார்த்தால் நம் ஓட்டைத் தவிர இரண்டு பக்கமும் சமம். வேண்டாம் என்றவர்கள் எல்லாரும் இரக்கப்பட்டவர்கள் என்று நினைக்காதே, பாதிப் பேர் சந்து அடைபட்டால் வேலைக்காரப் பெண் சுற்றி வந்து தாமதமாகும் என்று தூக்கியவர்கள். உன் பதில் வந்த பிறகு முடிவு என்று கூட்டத்தைக் கலைத்தார்கள். வீட்டுக்கு வந்து உன் அம்மா எனக்குச் சோறு போட்டுவிட்டுத் தன் தட்டோடு ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஒரு விடியற்காலையில் கன்னியம்மாளின் மகன் தேசப்பன் கரை சேரும்போது படகு அலையில் புரண்டு அவன் கால் மேல் விழுந்துவிட்டது. நான் தொழுதுவிட்டு பால்கனியில் நின்றவன், சத்தம் கேட்டு இறங்கி ஓடினேன். பலகையில் கிடத்திச் சந்து வழியாகத் தூக்கி வந்தார்கள், பின்னால் பிடித்தவனுக்குத் தோள் சோர்ந்தபோது அந்த முனையை நான் பிடித்துக்கொண்டேன். இத்தனை மாதத்தில் அந்தச் சந்தில் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான். பையன் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். என் இடுப்பு வலி பற்றி நீ கேட்டபோது நான் பேச்சை மாற்றியதற்கு அன்று தூக்கியதுதான் காரணம், இப்போது பரவாயில்லை. ஆம்புலன்ஸ் வரவில்லை. ரகோத்தமன் சார் லுங்கியோடு ஓடி வந்து தன் காரை எடுத்தார், ஈரமும் மணலும் ரத்தமுமாகப் பின் சீட்டில் படுக்க வைத்து அவரே ஓட்டிக்கொண்டு போனார். காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள், நடப்பான் என்கிறார் டாக்டர், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் காலை எடுக்க வேண்டி வந்திருக்குமாம். மறுநாள் ரகோத்தமன் சாரிடம், சந்து இருந்ததால் அவன் கால் தப்பியது என்றேன். அவசரத்துக்கு வாட்ச்மேன் கதவைத் திறந்துவிடுவார் என்றார். வாட்ச்மேன் தூங்கினால் என்றேன். அது அடுத்த கூட்டத்தில் பேச வேண்டிய பாயிண்ட் என்றார். நல்ல மனிதர்தான்.

நானும் உன் அம்மாவும் பழம் வாங்கிக்கொண்டு கன்னியம்மாள் வீட்டுக்குப் போனோம். நான் கூட்டத்தில் கை தூக்கியது அவளுக்குத் தெரிந்திருந்தது, அந்த வேலைக்காரப் பெண்கள் எல்லாரும் அவள் தெருதான். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, பிள்ளையைத் தூக்கியதற்கு நல்லா இருங்க என்றாள். டீ கொடுத்தாள். கிளம்பும்போது வாசல் வரை வந்து மெதுவாகச் சொன்னாள்:

"கதவு போட்டா உங்களுக்கு ஒரு சாவி குடுப்பாங்க பாய். எங்களுக்கு இன்னா குடுப்பாங்க?"

சித்தூருக்கு டிக்கெட் எடுக்கும்போது உன் அம்மா ஒரு டிக்கெட் போதும் என்றாள். நாம் இரண்டு பேரும் போய்விட்டால் அந்த ஃபிளாட் சார்பில் ஒரு வார்த்தை சொல்ல ஆள் இருக்காது என்றாள். அதனால்தான் நான் இங்கே, அவள் அங்கே.

ரகோத்தமன் சார் உனக்கு ஒரு மெயில் அனுப்பியிருப்பார். அதில் சந்து என்று இருக்காது, பாதுகாப்பு மேம்பாடு என்று இருக்கும். நீ வேலை அவசரத்தில் சம்மதம் என்று அழுத்திவிடாதே. ஃபிளாட் உன்னுடையது, முடிவும் உன்னுடையது, மாப்பிள்ளையிடமும் கேட்டுக்கொள். என்னைக் கேட்டால், உன் பதிலில் அத்தாவின் கையைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்துவிடு. சித்தூர் வீட்டை இப்போது விற்க வேண்டாம். அம்மாவுக்கு அந்த இடம் ஒத்துவருமா என்று கேட்டாயே, ஒத்துவந்துவிட்டது, எனக்கு ஒத்துவர இன்னும் கொஞ்சம் நாள் ஆகும்.

பிள்ளைகளைப் பனியில் காதை மூடாமல் விடாதே. அவர்களோடு வீட்டில் தமிழில் பேசு, பதில் இங்கிலீஷில் வந்தாலும் பேசு. உங்கள் எல்லாருக்கும் நீண்ட ஆயுளும் ஈமானும் மனநிம்மதியும் கிடைக்க ஐவேளையும் துஆ செய்கிறேன். மெயிலுக்குப் பதில் போட மறக்காதே.

இப்படிக்கு,
உன் அத்தா
சைனுதீன்

பி.கு. இதை அஷ்ரஃபிடம் கொடுக்கப் போகும்போது உன் அம்மா போன் செய்தாள். ஷஹானாவுக்கு எழுதிவிட்டேன் என்றேன். கை தூக்கினதையும் எழுதினீங்களா என்று கேட்டாள். எழுதினேன் என்றேன். லைனில் கடல் சத்தம் கேட்டது, ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள். சரி, அப்ப கிளம்பி வாங்க என்றாள்.