பலகையில் ஒரு காலி ஆணி

சோப்புப் போட்டுக் கழுவியும் உள்ளங்கையில் பித்தளை வாடை போகவில்லை. நேற்று பாதாமியிலிருந்து திரும்பியதிலிருந்து இப்படித்தான். உங்கள் பெயர் அடித்த டோக்கனை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன். போன தையில் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோன பிறகு நான் போன முதல் டூர் இது.

தங்கச் சுரங்கத்தை மூடியும் உங்களுக்குச் சுரங்கப் புத்தி போகவில்லை. ஷாஃப்ட் குழியில் இறங்கும்போது ஆளுக்கொரு டோக்கன் எடுத்துப்போய், மேலே வந்ததும் பலகையில் மாட்ட வேண்டும். ஓர் ஆணி காலியாக இருந்தால் ஒருவர் இன்னும் கீழே இருக்கிறார். அதே மாதிரி ஒரு பலகையை, வருஷா வருஷம் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து நம் தெருக்காரர்களைக் கோயில் பார்க்கக் கூட்டிப்போகும் பஸ்ஸிலும் மாட்டி வைத்தீர்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் அடித்த பித்தளை டோக்கன் வேறு.

"இன்னாண்ணே, சாமி பாக்கப் போறமா, ஷிஃப்டுக்குப் போறமா?" என்று கேலி செய்தார்கள்.

"பலகை நெறையாம பஸ்ஸு நகராது." அவ்வளவுதான் உங்கள் பதில்.

எனக்கோ அதைப் பார்க்கவே பயம். உங்களைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, விபத்துச் சங்கு ஊதியதும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடி, எந்த ஆணி காலி என்று எட்டிப் பார்த்தவள் நான். சாமி கும்பிட வந்த இடத்திலும் அந்தப் பலகைதானா?

ஹம்பி ஞாபகமிருக்கிறதா? பொழுது சாயும் நேரம். எதிர்வீட்டு ஸ்டெல்லாவின் ஆணி காலி. உங்கள் டோக்கனைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அவளைத் தேடிப் பாறைகளுக்கு நடுவே திரும்பிப் போனீர்கள். பிறகுதான் தெரிந்தது, மகராசி டோக்கனைப் பர்ஸில் போட்டுக்கொண்டு கடைசி சீட்டில் சுருண்டு தூங்குகிறாள்! பதறி எழுந்து மாட்டினாள். இப்போது உங்கள் ஆணி மட்டும் காலி. போன் போகவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. பஸ் படியில் நின்று பாறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் ஆவாதுக்கா, வந்துடுவாரு," என்றாள் ஸ்டெல்லா. ஷாஃப்ட் வாசலிலும் இதையேதான் சொல்வார்கள்.

உடம்பெல்லாம் புழுதியோடு ஏறி, முதலில் டோக்கனை மாட்டினீர்கள்.

"எனுக்கு உசுரே போச்சுங்க!" என்று கத்தினேன்.

"அதான் மாட்டிட்டேன் இல்ல? இனிமே இன்னா பயம்?"

பாதாமிக்குப் போக வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே போய்விட்டீர்கள். இந்த வருஷம் ஸ்டெல்லாதான் டூருக்கு ஏற்பாடு செய்தாள், பலகையையும் மறக்கவில்லை. இறங்கும்போது என் டோக்கனோடு உங்களுடையதையும் எடுத்துக்கொண்டேன். குகைக் கோயில்களுக்குள் குனிந்து போகும்போதெல்லாம், மேலே இருக்கும் கல்லைப் பார்த்துப் பார்த்து அதை இறுக்கிக்கொண்டேன். திரும்பி ஏறியதும் என்னுடையதை மாட்டினேன். உங்களுடையதை மாட்டக் கை வரவில்லை. வராத ஆளை வந்துவிட்டார் என்று எப்படி மாட்டுவது?

டிரைவர் வண்டியை எடுத்தார். பலகையில் ஓர் ஆணி காலி.

"நிறுத்துங்க! ஆளு இன்னும் வரல!" அலறியது நான்தான்.

ஸ்டெல்லா பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வண்டிய நிறுத்துண்ணா. பலகை நெறையல," என்றாள். பக்கத்தில் வந்து என் தோளைப் பிடித்தாள். "மாட்டுக்கா. எவ்ளோ நேரம்தான் அண்ணன வெளியே நிக்க வைப்ப?"

மாட்டினேன். அப்புறம்தான் வண்டி நகர்ந்தது.

இன்று காலை வீட்டுக் கதவுக்குப் பின்னால் இரண்டு ஆணி அடித்து, பஸ்ஸிலிருந்து கொண்டுவந்த நம் டோக்கன்களை மாட்டினேன். மார்க்கெட்டுக்குப் போகும்போது இரண்டு டோக்கனையும் எடுத்துப் போனேன். பயம் இன்னும் விடவில்லைங்க. திரும்பி வந்ததும் உங்களுடையதைத்தான் முதலில் மாட்டினேன். அப்புறம்தான் செருப்பைக் கழற்றினேன்.